பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் கால்குலேட்டர்: மெஷின் எதைப் போடும், மாணவர் எதைப் போட வேண்டும்?

2025 நவம்பர் 4 அன்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி பொதுத்தேர்வு அட்டவணையை வெளியிட்டார். பிளஸ் டூ தேர்வு 2026 மார்ச் 2 முதல் 26 வரை, பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 11 முதல் ஏப்ரல் 6 வரை. பலரும் தேதியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதோடு சேர்ந்து வந்த இன்னொரு தகவல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. பிளஸ் டூ கணக்குப்பதிவியல் தேர்வில் மாணவர்கள் இனி கால்குலேட்டர் பயன்படுத்தலாம்.

காமர்ஸ் குரூப் ஆசிரியர்களும் மாணவர்களும் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம் இது. ஆனால் செய்தி வந்ததுமே வழக்கமான கேள்வியும் வந்துவிட்டது. கால்குலேட்டரைக் கையில் கொடுத்துவிட்டால் பசங்க கூட்டல், கழித்தலையே மறந்துட மாட்டாங்களா? நியாயமான பயம்தான். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் தேர்வு மாணவரிடம் எதை அளக்கிறது?

மூன்று மணி நேரம் எங்கே போகிறது?

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணக்குப்பதிவியல் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வு. மீதி 10 அகமதிப்பீடு. ஒரு மதிப்பெண் கேள்விகள் 20, இரண்டு மதிப்பெண் 7, மூன்று மதிப்பெண் 7, ஐந்து மதிப்பெண் 7. எல்லாவற்றையும் மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பாடங்களின் பட்டியலைப் பார்த்தாலே இதன் சுமை தெரியும்: முழுமைபெறாப் பதிவேடுகள், இலாப நோக்கற்ற அமைப்புகளின் கணக்குகள், கூட்டாண்மை, நற்பெயர், கூட்டாளி சேர்ப்பு, விலகல், நிறுமக் கணக்குகள், விகிதப் பகுப்பாய்வு. கடைசியில் ஒரு பாடம் டேலி.

இந்த டேலி பாடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டரே கூட்டிக் கழித்து இருப்புநிலைக் குறிப்பைப் போட்டுக் கொடுக்கும் மென்பொருளைப் பாடப்புத்தகம் சொல்லித் தருகிறது. அதே புத்தகத்தில் இருந்து வரும் கேள்வித்தாளில், 7,50,000-ஐ 1,12,500-ஆல் வகுத்து சரக்கிருப்புச் சுழற்சி விகிதம் 6.67 தடவை என்று மாணவர் விடைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் நீள் வகுத்தல் போட்டுக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

நேரம் அதிகமாக ஓடுவது வகுத்தலில்கூட இல்லை. கணக்குப்பதிவியல் எழுதியவர்களுக்கு அந்தத் தருணம் நன்றாகத் தெரியும்: பேலன்ஸ் ஷீட் டேலி ஆகவில்லை. இடது பக்கம் ஒரு தொகை, வலது பக்கம் வேறு தொகை, நடுவில் 900 ரூபாய் உதைக்கிறது. பிழை கூட்டலிலா, பதிவிலா? அது தெரியாமல் மாணவர் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே திரும்பத் திரும்பக் கூட்டுவார். அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வியே போய்விடும்.

கால்குலேட்டர் இங்கேதான் உண்மையில் உதவுகிறது. கூட்டல் சரி என்று அரை நிமிடத்தில் உறுதியானால், பிழை பதிவில்தான் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும். அதன் பிறகு செய்ய வேண்டியது கணக்காளருடைய வேலை. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபடுகிறதா? அப்படியானால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400-ஐ 4,500 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் சரியாக 900. வித்தியாசத்தில் பாதித் தொகை கணக்கில் எங்காவது இருக்கிறதா? அப்படியானால் பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருக்கலாம். பழைய கணக்குப்பிள்ளைகள் காலத்தில் இருந்து கைமாறி வந்த வித்தை இது. இதை மெஷின் செய்யாது. மெஷின் இருந்தால் மாணவருக்கு இதைச் செய்ய நேரம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சிப்காட் கேட்டில் நிற்கும் லாரி

வகுப்பறையை விட்டு வெளியே வந்து பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கம் காமர்ஸ் குரூப் எடுக்கும் பிள்ளைகளுக்கு வேலை என்றதும் கண்ணுக்குத் தெரிவது இரண்டு இடங்கள். ஒன்று, எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போகிற சென்னை. மற்றது, வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் தொழிற்பேட்டைகள்: கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்க்கண்டிகை, திருவள்ளூருக்கு அருகில் காக்களூர். அங்கே மெஷின் ஓட்டும் வேலை மட்டும் இல்லை. ஸ்டோர்ஸ், டைம் ஆபீஸ், டிஸ்பேட்ச், அக்கவுன்ட்ஸ் என்று பேப்பர் ஓடுகிற வேலைகளும் நிறைய.

ஒரு உதாரணம். கும்மிடிப்பூண்டி ஸ்டீல் ரோலிங் மில்களுக்குப் பேர் போன ஊர். கட்டுமானக் கம்பி ஏற்றிய ஒரு லாரி எடை மேடையில் ஏறி இறங்குகிறது. நிகர எடை 24.370 டன். ஒரு டன் 48,650 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 11,85,600 ரூபாய் 50 காசு. கம்பிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 2,13,408 ரூபாய் 9 காசு. மொத்த பில் 13,99,008 ரூபாய் 59 காசு. இதைக் கையால் பெருக்கிப் பார்க்கும் ஆள் எந்த ஆபீசிலும் இல்லை. சாஃப்ட்வேர் ஒரு நொடியில் போட்டுவிடும்.

ஆனால் லாரி கேட்டைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புகிறது? தெற்கே செங்குன்றம் குடோனுக்கா, வடக்கே ஆரம்பாக்கம் தாண்டி தடா, நாயுடுபேட்டைக்கா? செங்குன்றம் என்றால் சரக்கு தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வரி இரண்டாகப் பிரியும்: மத்திய ஜிஎஸ்டி 9 சதவீதம், மாநில ஜிஎஸ்டி 9 சதவீதம். தடா என்றால் ஆந்திரா. 18 சதவீதமும் ஐஜிஎஸ்டி. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண் 33-இல் தொடங்குகிறதா, 37-இல் தொடங்குகிறதா என்பதையும், சரக்கு எங்கே இறங்குகிறது என்பதையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மாநில எல்லை பக்கத்திலேயே இருப்பதால் இந்தக் குழப்பம் இங்கே தினசரி வரக்கூடியது.

கால்குலேட்டரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். 9-ஐயும் 9-ஐயும் கூட்டினாலும் 18, நேராகப் போட்டாலும் 18. மொத்தத் தொகை காசு பிசகாமல் சரியாக இருக்கும், பில் மட்டும் தப்பாக இருக்கும். தவறான தலைப்பில் வரி கட்டிவிட்டால் சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, முதலில் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடைப்பதிலும் சிக்கல் வரும். அக்கவுன்ட்ஸ் ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது இந்த முடிவை எடுக்கத்தான், பெருக்குவதற்கு இல்லை.

தேர்வுத்தாளிலும் இதே கதைதான். நற்பெயர் மதிப்பீட்டில் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். முதலீடு 3,75,000, சாதாரண இலாப வீதம் 12 சதவீதம், சராசரி இலாபம் 61,250. உயர் இலாப முறையில் மூன்று ஆண்டு கொள்முதல் அடிப்படையில் நற்பெயர் எவ்வளவு? சாதாரண இலாபம் 45,000. அதைக் கழித்தால் உயர் இலாபம் 16,250. மூன்றால் பெருக்கினால் 48,750. பாடம் புரியாத மாணவர் சராசரி இலாபத்தையே மூன்றால் பெருக்கி 1,83,750 என்று எழுதுவார். கையில் ஆயிரம் ரூபாய் கால்குலேட்டர் இருந்தாலும் அதைத்தான் எழுதுவார், கொஞ்சம் சீக்கிரமாக எழுதுவார்.

இந்தப் பாடத்தில் சோதிக்க வேண்டியது எதைக் கழிப்பது, எதை எந்தப் பக்கம் எழுதுவது என்ற முடிவை. பெருக்கல் அதற்கான கருவி. அதனால் அரசின் முடிவு சரியானது. சொல்லப்போனால் தாமதமானது.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள்?

பிளஸ் டூ முடித்து சிஏ படிக்கப் போகும் மாணவருக்கு அங்கே கால்குலேட்டர் புதிது இல்லை. இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தன் தேர்வுகளில் கால்குலேட்டரை அனுமதிக்கிறது. விதியும் தெளிவு: பேட்டரியில் ஓட வேண்டும், சத்தம் வரக் கூடாது, ஆறு செயல்பாடுகளுக்கு மேல் கூடாது, 12 இலக்கம், இரண்டு மெமரி. எதை எடுத்துவரலாம் என்று கடைக்காரரே சொல்லிவிடும் அளவுக்குத் துல்லியமான வரையறை. நாட்டின் மிகக் கடினமான கணக்கியல் தேர்வே கால்குலேட்டருக்குப் பயப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பள்ளி வாரியங்களில் ஐஎஸ்சி 12-ஆம் வகுப்புக்கு ஏற்கெனவே அனுமதி உண்டு. சிபிஎஸ்இ 2020 தேர்வில் இருந்து சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு மட்டும் சாதாரண கால்குலேட்டரை அனுமதித்தது. 12-ஆம் வகுப்பு கணக்குப்பதிவியலில் எல்லாருக்கும் தரலாமா என்ற யோசனை 2025-இல் அதன் பாடத்திட்டக் குழுவில் எழுந்தது.

நுழைவுத் தேர்வுகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. நீட், ஜேஇஇ மெயின் இரண்டிலும் கிடையாது. 2026 ஜேஇஇ மெயின் தகவல் கையேட்டில் திரையில் கால்குலேட்டர் இருக்கும் என்று அச்சாகிவிட்டது, மாணவர்கள் குஷியானார்கள், சில நாட்களிலேயே தேசிய தேர்வு முகமை அது பிழை, அப்படி எதுவும் இல்லை என்று விளக்கம் கொடுத்தது. ஐஐஎம் நடத்தும் கேட் தேர்வில் 2015 முதல் திரையிலேயே சாதாரண கால்குலேட்டர் உண்டு. பொறியியல் முதுகலைக்கான கேட் தேர்வில் சயின்டிஃபிக் கால்குலேட்டரே திரையில் வரும். இரண்டிலும் சொந்தக் கருவியைக் கொண்டுபோகக் கூடாது. எல்லாருக்கும் ஒரே கருவி, காப்பியடிக்கும் வழியும் அடைபடும். கம்ப்யூட்டர் தேர்வுக்கு இது எளிது. பேனாவும் தாளும் வைத்து எழுதும் நம்ம பொதுத்தேர்வுக்கு இந்த வழி இல்லை.

வெளிநாட்டில் பார்த்தால் சிங்கப்பூர் கொஞ்சம் சுவாரஸ்யமானது. அங்கே ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ கணிதத் தேர்வில் முதல் தாளுக்குக் கால்குலேட்டர் கிடையாது; இரண்டாம் தாளுக்கு 2009 முதல் உண்டு. இங்கிலாந்தின் ஜிசிஎஸ்இ கணிதத்திலும் இதே ஏற்பாடு: மூன்று தாளில் ஒன்றுக்கு இல்லை, இரண்டுக்கு உண்டு. கைக்கணக்கையும் சோதிக்க வேண்டும், கைக்கணக்கு இடையில் குறுக்கிடாத சிந்தனையையும் சோதிக்க வேண்டும், இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. அமெரிக்காவின் சாட் தேர்வு இன்னும் தள்ளிப் போய், டிஜிட்டல் தேர்வின் கணிதப் பகுதி முழுவதற்கும் கால்குலேட்டரைத் திரையிலேயே தருகிறது. ஆனால் அங்கும் கோடு உண்டு. இயற்கணிதச் சமன்பாட்டைத் தானே தீர்த்துக் கொடுக்கும் வகைக் கால்குலேட்டருக்கு 2025 ஆகஸ்ட் முதல் தடை.

ஆக, கால்குலேட்டர் வேணுமா வேண்டாமா என்பது கட்சி கட்டிச் சண்டை போடும் கேள்வியாக எங்கும் இல்லை. எந்தத் தாளில், எந்த வகை என்பதுதான் கேள்வி.

ஃபோன் கால்குலேட்டர் வேறு, மேஜைக் கால்குலேட்டர் வேறு

அனுமதி கிடைத்ததும் நடக்கப்போவது என்ன என்று ஊகிப்பது கஷ்டமில்லை. மாணவர் வருடம் முழுக்க வீட்டில் ஃபோனில் இருக்கும் கால்குலேட்டரில் கணக்குப் போடுவார். தேர்வுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் ஒரு கால்குலேட்டர் வாங்குவார், அல்லது மளிகைக் கடை மாமாவிடம் கடன் வாங்குவார். ஹாலுக்குள் ஃபோன் போக முடியாது; அது ஒழுங்கீனம். கையில் இருப்பது முன்பின் பழகாத மெஷின்.

இது சின்ன விஷயம் இல்லை. ஒரு சோதனை செய்து பாருங்க. 2 + 3 × 4 என்று ஃபோனில் அடித்தால் 14 வரும். பெருக்கலை முதலில் செய்யும். அதையே சாதாரண மேஜைக் கால்குலேட்டரில் அடித்தால் 20. அது அடித்த வரிசையிலேயே போகும்: 2-ம் 3-ம் 5, அதை நாலால் பெருக்கினால் 20. இரண்டும் பழுது இல்லை, இரண்டும் அதனதன் வழியில் சரியாகத்தான் வேலை செய்கின்றன. தேர்வில் இதுவே 50,000 + 20,000 × 3 என்று வந்தால், 1,10,000 வர வேண்டிய இடத்தில் 2,10,000 வரும். லட்ச ரூபாய் பிழை. மாணவருக்குச் சந்தேகமே வராது, ஏனென்றால் மெஷின் சொன்னது.

இதற்காகத்தான் அந்த மெஷினில் மெமரி பட்டன்கள் இருக்கின்றன. 20,000 × 3 அடித்து எம் பிளஸ். 50,000 அடித்து எம் பிளஸ். பிறகு எம்ஆர்சி அழுத்தினால் 1,10,000. பல கடைகளில் கல்லாவில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்வார். பிளஸ் டூ மாணவர்கள் பலருக்கு அந்தப் பட்டன் எதற்கென்றே தெரியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சதவீதப் பட்டன் இன்னொரு பொறி. 100 + 10 போட்டு சதவீதத்தை அழுத்தினால் ஃபோனிலும் சில கால்குலேட்டர்களிலும் 110 வரும். வேறு சில மேஜைக் கால்குலேட்டர்களில் 111.11 வரும்! விற்பனை விலையில் 10 சதவீதம் இலாபம் வர வேண்டும் என்றால் 100 ரூபாய்ப் பொருளை எவ்வளவுக்கு விற்க வேண்டும் என்று அது கணக்குப் போடுகிறது, 100-ஐ 0.90-ஆல் வகுத்த விடை. அடக்க விலை மீது இலாபமா, விற்பனை விலை மீது இலாபமா என்பது கணக்குப்பதிவியலில் தனியாகச் சொல்லித்தரும் விஷயம். அதைப் புரிந்தவருக்கு இந்த 111.11 வேடிக்கையாகத் தெரியும். புரியாதவர் விடைத்தாளில் எழுதிவிட்டுப் போவார். சதவீதப் பட்டனைத் தொடாமல் 0.10-ஆல் பெருக்குவதே பத்திரம்.

மேஜை மாடல்களில் மேலே இருக்கும் குட்டி ஸ்விட்சுகளையும் பார்க்க வேண்டும். தசமத்தை 0-இல் வைத்திருந்தால் 6.67 என்ற விகிதம் 7 என்று வந்து நிற்கும். ‘ஏ’ என்ற இடத்தில் வைத்திருந்தால் கூட்டும்போது தானாகவே இரண்டு தசம இடம் போட்டுக்கொள்ளும். 500 என்று அடித்துக் கூட்டினால் 5 ரூபாய் என்று எடுத்துக்கொள்ளும். காற்புள்ளியும் ஒரு தொல்லை. பல கால்குலேட்டர்கள் மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து 1,185,600 என்று காட்டும். நம் பழக்கத்தில் அது 11,85,600. அவசரத்தில் விடைத்தாளுக்கு மாற்றும்போது ஒரு இலக்கம் நழுவ இது போதும்.

மேலே சொன்ன எதையும் கற்க ஒரு பீரியடுக்கு மேல் ஆகாது. ஆனால் அந்த ஒரு பீரியடை யாராவது ஒதுக்க வேண்டும். காலாண்டு, அரையாண்டு, திருப்புதல் தேர்வுகளிலும் அதே கால்குலேட்டரோடு எழுத விட வேண்டும். தனியார் பள்ளிகள் இதைச் செய்துவிடும். செலவு பெற்றோர் தலையில் விழும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு விலையில்லாப் புத்தகம், நோட்டு, புத்தகப்பை, ஜியாமெட்ரி பாக்ஸ் என்று கொடுத்துப் பழகிய மாநிலம் இது. இருநூறு, முந்நூறு ரூபாய் கால்குலேட்டர் ஒன்றை காமர்ஸ் குரூப் மாணவருக்குப் பிளஸ் ஒன் தொடக்கத்திலேயே கொடுப்பது அரசுக்குப் பெரிய செலவு இல்லை. எல்லாருக்கும் ஒரே மாடல் என்றால் இன்னொரு நன்மையும் உண்டு: ஹாலில் கண்காணிப்பாளர் எது சயின்டிஃபிக், எதில் ஃபார்முலா சேமிக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கருவி வாங்க முடிந்தவருக்கு ஒரு தேர்வு, முடியாதவருக்கு இன்னொரு தேர்வு என்று ஆவதைத் தடுக்கவும் வேறு வழி இல்லை.

கருவியைக் கொடுக்காவிட்டாலும் விதியையாவது சிஏ தேர்வு போல எழுத்தில் துல்லியமாகக் கொடுக்க வேண்டும். எத்தனை இலக்கம், எந்தெந்தப் பட்டன், கடன் வாங்கலாமா, நடுவில் பேட்டரி போனால் என்ன செய்வது. கடைசிக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால் பாதிக்கப்படுவது ஒரே ஒரு மாணவர்தான், ஆனால் அவருக்கு அது ஒரு வருடம்.

அப்போ வாய்ப்பாடு?

பெற்றோரின் பயத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் திண்ணைப் பள்ளிக் காலத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். முழு எண் மட்டும் இல்லை. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, காணி என்றால் 80-இல் ஒரு பங்கு, மா என்றால் 20-இல் ஒரு பங்கு என்று பின்னமும் வாய்ப்பாடாகவே வரும். நெல்லையும் நிலத்தையும் அளக்க அது தேவைப்பட்டது. இன்றைக்கு முந்திரி வாய்ப்பாடு தெரியாததால் யாருக்கும் வேலை போகவில்லை. அதே சமயம் 7 × 8 எவ்வளவு என்பதற்கு ஃபோனைத் தேடும் பிள்ளையைப் பார்த்தால் கவலை வருவதும் இயல்பு.

அந்தக் கவலைக்கான இடம் பிளஸ் டூ இல்லை, ஆரம்பப் பள்ளி. கொரோனா காலக் கற்றல் இழப்பைச் சரிசெய்ய தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் 2022 ஜூன் 13 அன்று தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தில், அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் அடிப்படைக் கணக்கு வர வேண்டும் என்பது அதன் இலக்கு. மூன்றாம் வகுப்பில் கழித்தல் வராத பிள்ளைக்குப் பதினேழு வயதில் கால்குலேட்டரை மறுப்பதால் கழித்தல் வந்துவிடப்போவதில்லை. எட்டாம் வகுப்பு வரை வகுப்பறையில் கால்குலேட்டர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வுக்கு இப்போதைக்கு அனுமதி தராததும் சரியே; அங்கே கணக்கீடும் சோதனையின் ஒரு பகுதி.

இன்னொரு எச்சரிக்கையை மாணவர்களே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் பலர் எழுதப்போவது டிஎன்பிஎஸ்சி குரூப் 4. அதில் 200 கேள்விகளில் 25 திறனறிவு: சதவீதம், தனிவட்டி, மீப்பெரு பொது வகுத்தி மாதிரியானவை. அங்கே கால்குலேட்டர் கிடையாது. கணக்குப்பதிவியலில் மெஷின் இருக்கிறதே என்று மனக்கணக்கைக் கைவிட்டவருக்கு அந்த 25 கேள்விகளில் அடி விழும். மனக்கணக்கு கால்குலேட்டரைக் கண்காணிக்கவும் வேண்டும். 24 டன்னை ஏறக்குறைய 50,000-ஆல் பெருக்கினால் 12 லட்சம் பக்கம் வர வேண்டும் என்று மனசுக்குள் போட்டுப் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டும்தான், திரையில் 1 கோடியே 18 லட்சம் என்று வந்ததும் ஏதோ இடிக்கிறது என்று தோன்றும்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 கல்வியாண்டில் இருந்து ரத்தாகியிருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் பிளஸ் ஒன் பாடம். பொதுத்தேர்வு இல்லாத வகுப்பு என்று பிளஸ் ஒன்னைத் தாண்டி நேராகப் பிளஸ் டூ பாடத்துக்குப் போகும் பழக்கம் சில பள்ளிகளில் முன்பு இருந்தது. அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் அந்தத் தேர்வே வந்தது. பற்றும் வரவும் சரியாகப் பதியாத மாணவர் கையில் கால்குலேட்டர் இருந்து என்ன பயன்? இருப்பாய்வின் இரண்டு பக்கமும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்பதை அது பைசா சுத்தமாகச் சொல்லும். ஏன் என்று சொல்லாது.

கேள்வித்தாளும் மாற வேண்டும்

கால்குலேட்டர் இல்லாத காலத்துக் கேள்வித்தாளில் எண்கள் எல்லாம் உருண்டையாக இருக்கும். முதலீடு 1,00,000, இலாப விகிதம் 3:2, தேய்மானம் 10 சதவீதம். மாணவர் கையால் வகுக்க வேண்டுமே என்ற கரிசனம். அதே எண்களைத் தொடர்ந்து கேட்டுக்கொண்டே கால்குலேட்டரையும் கொடுத்தால் தாள் சும்மா எளிதாகிவிடும். ஒரு மதிப்பெண் கேள்விகள் சில அர்த்தமே இழந்துவிடும். மாறாக, எடை மேடைச் சீட்டில் இருப்பது போன்ற உண்மையான எண்களைக் கொடுத்து, எந்தக் கணக்கில் போகும், ஏன் என்று கேட்கலாம். ஒரு நிறுமத்தின் இரண்டு ஆண்டு விகிதங்களைக் கண்டுபிடித்த பிறகு, இந்த நிறுமத்துக்குக் கடன் கொடுக்கலாமா என்று இரண்டு வரி எழுதச் சொல்லலாம். விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் கிடையாது, செய்முறைக் குறிப்பு கட்டாயம் என்பதையும் விடைக்குறிப்பில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பட்டன் ஒன்று தவறி அழுத்தியவருக்குப் படிநிலை மதிப்பெண்ணாவது மிஞ்சும்.

இதையெல்லாம் சொல்லும்போது இன்னொரு தேர்வையும் விட்டுவிட முடியாது. காமர்ஸ் குரூப்பில் பல மாணவர்கள் வணிகக் கணிதமும் புள்ளியியலும் எடுக்கிறார்கள். குறியீட்டெண், காலத்தொடர் வரிசை, தரக்கட்டுப்பாட்டு வரைபடம் எல்லாம் அதில்தான் வருகின்றன. ஃபிஷர் குறியீட்டெண் கண்டுபிடிக்க இரண்டு நீளமான கூட்டுத்தொகை விகிதங்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். நவம்பரில் வந்த அனுமதி கணக்குப்பதிவியலுக்கு மட்டும். மிகை நுண்ணறிவு கேட்கும் இடத்தில் அல்ல, வெறும் கூட்டலும் வர்க்கமூலமும் கேட்கும் இடத்தில்தான் அந்த மாணவர் மறுபடி பென்சிலை எடுக்கிறார். ஒரு தாளுக்கு ஏற்றுக்கொண்ட காரணம் இந்தத் தாளுக்கும் அப்படியே பொருந்தும். அடுத்த ஆண்டு அட்டவணை வெளியாகும்போது அதிலும் ஒரு வரி சேரலாம்.